பகைவருக்கும் ஒரு மன்றாட்டு

புலம்பெயர்ந்த எமது குடும்பங்களில், வளைகுடாவில் உழைத்த ஒருவரேனும் இல்லாத வீடு அரிது. அண்ணனோ மைத்துனரோ அங்கிருந்து அனுப்பிய பணமே எம்மிற் பலரது பயணச் செலவாயிற்று. அந்த உழைப்பாளிகள் வழிபடும் இடங்களுள் ஒன்று அபுதாபியின் முஷ்ரிப் பகுதி. தமிழிலும் திருப்பலி நடைபெறும் புனித சூசையப்பர் பேராலயமும், எகிப்தியக் கொப்டிக் கிறிஸ்தவர்களின் புனித அந்தோனியார் பேராலயமும் அங்கே அயலயலாக நிற்கின்றன. அருகேயுள்ள பள்ளிவாசலுக்கு 2017ஆம் ஆண்டு 'இயேசுவின் தாய் மரியாள்' எனப் பெயர் சூட்டப்பட்டது.

கொப்டிக் மக்களின் துயரம் எமக்கு அந்நியமானதன்று. 2015ஆம் ஆண்டு பெப்ரவரி 15ஆம் நாள், லிபியக் கடற்கரையொன்றில் 21 தொழிலாளரின் தலைகள் துண்டிக்கப்பட்ட காட்சியை ஐ.எஸ். இயக்கத்தினர் வெளியிட்டனர். இருபதின்மர் எகிப்தியக் கொப்டிக் கிறிஸ்தவர். ஒருவர் கானா நாட்டவர். சேர்ட் நகருக்குப் பிழைப்புத் தேடிச் சென்ற இவர்களிற் 13 பேர், மின்யா மாகாணத்து அல்-அவூர் என்னும் ஒரே சிற்றூரின் பிள்ளைகள். ஊரில் வீடொன்று கட்டவும் பிள்ளைகளைப் படிப்பிக்கவுமே அவர்கள் கடல்கடந்த வேலையை நாடினர். எம்மவரும் அதற்காகவே போயினர்.

கொலையுண்டவர்களிற் சகோதரர் இருவர். அவர்களின் தமையனார் சில நாட்களிலேயே தொலைக்காட்சியிற் பேசினார். இறுதிவேளையில் அவர்கள் இயேசுவின் பெயரை உச்சரித்த ஒலியை நீக்காமல் விட்டமைக்காகக் கொலையாளிகளுக்கு நன்றி கூறினார். அவர்களது கண்களைத் திறந்தருளுமாறு இறைவனை மன்றாடினார். கொலையாளி எதிர்ப்பட்டால் தம் தாயார் அவனை வீட்டினுள் அழைப்பார் என்றும் சொன்னார்.

இது கோழையின் பேச்சா? எமக்கு இது ஏட்டுக் கேள்வியன்று. 1995 யூலை 9இல் நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் விமானக் குண்டுகளுக்குப் பலியாயினர். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் சிறுவர்களையும் இழந்தோம். மன்னிப்பைப் பற்றி எமக்குப் போதிக்க முந்திக்கொள்வோர் விசாரணைக்கு அஞ்சுவோராகவே பெரிதும் இருந்துள்ளனர். ஆகையால் அச்சொல்லின் மீது எமக்குச் சந்தேகம் எழுவது இயல்பே.

கொப்டிக் மக்களோ மன்னித்துவிட்டு மௌனமாகிவிடவில்லை. கொல்லப்பட்டோரைத் தமது திருச்சபையின் புனிதர் வரிசையிற் சேர்த்து, பெப்ரவரி 15ஐ அவர்களது நினைவுநாளாக்கினர். 2018இல் அல்-அவூரில் அவர்களுக்கென ஓர் ஆலயம் திறக்கப்பட்டது. லிபியாவிற் கண்டெடுக்கப்பட்ட உடல்கள் அவ்வாண்டு மே மாதம் ஊர் திரும்பின. 2023இல் பாப்பரசர் பிரான்சிஸ் அவர்களைக் கத்தோலிக்க மறைசாட்சியர் ஏட்டிலும் சேர்த்தார். எமது நாட்டிலும் கர்தினால் மல்கம் ரஞ்சித், தாக்கியோரை மன்னித்துவிட்டதாக 2020 உயிர்த்த ஞாயிறன்று அறிவித்தார். ஆயினும் உண்மையைக் கண்டறியுமாறு கோருவதை அவர் கைவிடவில்லை.

பகைவனை நேசிப்பவன் தன் வழக்கை விட்டுக்கொடுப்பதில்லை. ஒருவன் செய்த கொடுமைக்காக அவனது இனத்தையோ மதத்தையோ தண்டிக்க அவன் மறுக்கிறான், அவ்வளவே. இதில் நாமும் தவறியவர்களே. 1990 ஒக்ரோபரில் வடக்கின் முஸ்லிம் மக்கள் தம் வீடுவாசல்களிலிருந்து வெளியேற்றப்பட்டபோது எம்மில் எத்தனை பேர் வாய் திறந்தோம்?

வளைகுடாவிலிருக்கும் உறவினரோடு அடுத்தமுறை தொலைபேசியிற் பேசும்போது ஒன்றைக் கேட்டுக்கொள்வோம். பெப்ரவரி 15 அன்று, அயலிலுள்ள கொப்டிக் ஆலயத்தினுள் ஒருதரம் சென்று அமர்ந்து வரட்டும். மொழி விளங்காது போகலாம். பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் மன்றாட்டுக்கு எமக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை.