மக்காச்சோளம்: நாம் விற்காமலே விற்கும் தானியம்

மளிகைக் கடையில் மக்காச்சோளத்திற்கென்று தனியாக மூட்டை பிரித்து வைத்து விற்பவர்கள் நம்மில் மிகச் சிலரே. கேட்டு வருபவரும் குறைவு. ஆனாலும் மக்காச்சோளத்தின் விலை ஏறினால் நம் கல்லாவில் அது தெரிந்துவிடுகிறது. காரணம் முட்டை. முட்டையிடும் கோழி ஒன்று நாளொன்றுக்குச் சுமார் 110 கிராம் தீவனம் தின்கிறது. அதில் ஏறக்குறைய பாதி மக்காச்சோளம். நாம் வாங்கி வைக்கும் 30 முட்டை அட்டை ஒன்றுக்குப் பின்னால் இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவான மக்காச்சோளம் இருக்கிறது என்று கணக்குப் போடலாம். கறிக்கோழி, பிஸ்கட்டிலும் மிட்டாயிலும் சேரும் குளுக்கோஸ் பாகு, கஸ்டர்டு பவுடர் என்று மற்றவையும் இதே தானியத்தைத் தொட்டே வருகின்றன.

ஏழை வீட்டுக் குழந்தைக்குப் புரதம் மலிவாகக் கிடைப்பது முட்டையில்தான். சத்துணவுத் திட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாரம் 5 முட்டை என்பது 2010 முதல் நடைமுறையில் உள்ளது. நாமக்கல் பண்ணைகள் இதைத் தாங்குகின்றன என்றால், அந்தப் பண்ணைகளைத் தாங்குவது பெரம்பலூர், திண்டுக்கல், உடுமலை வட்டாரத்து மானாவாரி மக்காச்சோளமும், அது போதாமல் கர்நாடகம், ஆந்திரம், பீகாரிலிருந்து லாரி லாரியாக வரும் சரக்கும்தான்.

இந்தச் சரக்குக்கு இப்போது புதிய போட்டி வந்துள்ளது. 2023 டிசம்பரில் கரும்புச் சாற்றிலிருந்து எத்தனால் தயாரிக்க மத்திய அரசு கட்டுப்பாடு விதித்தது. மக்காச்சோள எத்தனாலுக்கு லிட்டருக்கு ரூ.71.86 என்று நல்ல விலையும் கிடைக்கவே, ஆலைகள் மக்காச்சோளத்தை வாங்கிக் குவித்தன. ஏற்றுமதி செய்துவந்த நாடு 2024ல் மியான்மரிலிருந்தும் உக்ரைனிலிருந்தும் இறக்குமதி செய்தது. விவசாயிக்கு இது நல்ல காலம்தான். குறைந்தபட்ச ஆதரவு விலையும் 2024-25ல் குவிண்டாலுக்கு ரூ.2,225 ஆகவும், 2025-26ல் ரூ.2,400 ஆகவும் உயர்ந்தது. 2018ல் படைப்புழு வந்து வயலையே தின்று தீர்த்த வேதனைக்குப் பிறகு அவர்களுக்கு நாலு காசு கிடைப்பதை நாம் குறை சொல்ல மாட்டோம். ஆனால் வண்டிக்கும் கோழிக்கும் ஒரே மூட்டையில் பங்கு என்றால், முட்டை விலையில் அது வந்து நிற்கும் என்பதை வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான்.

விலையைவிட நம் கையில் உள்ள விஷயம் ஒன்று உண்டு. அது ஈரம்.

1974ல் ராஜஸ்தானின் பான்ஸ்வாடா, குஜராத்தின் பஞ்சமகால் பகுதிகளில் அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. நனைந்த மக்காச்சோளத்தைச் சரியாகக் காய வைக்காமல் சேமித்துத் தின்ற பழங்குடி மக்களுக்கு மஞ்சள் காமாலையும் வயிற்றில் நீர் கோர்ப்பதும் கண்டது. 100 பேருக்கு மேல் இறந்தனர். அந்த வீடுகளில் அதே உணவைத் தின்ற நாய்களும் செத்தன. காரணம், பூஞ்சை உண்டாக்கும் அஃப்ளாடாக்ஸின் என்ற நஞ்சு. இதே நஞ்சுதான் 2004ல் கென்யாவில் 125 பேர் சாவுக்குக் காரணமானது. அங்கும் வீட்டில் சேமித்த மக்காச்சோளம்தான்.

பழைய கதை, வெளிமாநிலக் கதை என்று தள்ளிவிட முடியாது. 2018ல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடு முழுவதும் 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. அதில் 368 மாதிரிகளில் இந்த நஞ்சின் மறுவடிவம் அளவுக்கு மேல் இருந்தது. தமிழ்நாட்டில் எடுத்த 551 மாதிரிகளில் 88. நாட்டிலேயே அதிகம் அகப்பட்ட மாநிலங்களில் நமதும் ஒன்று. பாலில் இதை யாரும் கலக்கவில்லை. பூஞ்சை பிடித்த தீவனத்தை மாடு தின்றது. அது பாலில் இறங்கியது. கோழிப் பண்ணை திருப்பி அனுப்பிய மூட்டையை மாட்டுத் தீவனத்திற்கு விலை குறைத்துத் தள்ளிவிடுகிற வழக்கம் மண்டிகளில் இருப்பது நம் உறுப்பினர்களுக்குத் தெரியும். அந்தப் பால் எந்த வீட்டுத் தொட்டிலுக்குப் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

வேக வைத்தாலோ வறுத்தாலோ இந்த நஞ்சு முழுதும் போகாது; அரைத்தால் கலந்துவிடும், அவ்வளவுதான். ஆகவே பூஞ்சை வராமல் பார்ப்பது ஒன்றே வழி. ஈரம் 14 சதவீதத்துக்கு மேல் இருக்கும் சரக்கை அடுக்கக் கூடாது. மொத்த வியாபாரிகள் ஈரப்பத மீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது செலவல்ல. அது இல்லாத சிறு கடைக்காரர்களுக்கு உப்புச் சோதனை போதும். நன்றாகக் காய்ந்த கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மக்காச்சோளம் போட்டு, ஒரு கரண்டி உலர்ந்த தூள் உப்பைச் சேர்த்து, சில நிமிடம் குலுக்கி வைக்க வேண்டும். உப்பு பாட்டில் சுவரில் ஒட்டிக்கொண்டால் ஈரம் 15 சதவீதத்தைத் தாண்டியது என்று அர்த்தம். அப்படிப்பட்ட மூட்டையைப் பேரம் பேசி வாங்குவதைவிட, காய வைத்துக் கொண்டுவரச் சொல்லித் திருப்பி அனுப்புவதே மேல். வாங்கிய மூட்டையைச் சிமென்ட் தரையில் நேராகப் போடாமல் மரப்பலகை மேல், சுவரை ஒட்டாமல் அடுக்க வேண்டும். தார்ப்பாயை இறுக்கி மூடினால் உள்ளே வேர்க்கும். எலி கடித்த, வண்டு துளைத்த மணியில்தான் பூஞ்சை முதலில் ஏறும்.

மக்காச்சோள மாவு, ரவை கேட்டு வருபவர்கள் இப்போது கூடி வருகிறார்கள். சர்க்கரை நோய்க்கு நல்லது என்று யாரோ சொன்னார்களாம். அவர்களுக்குக் கார்ன்ஃப்ளவர் பாக்கெட்டை எடுத்துக் கொடுத்துவிடுவது நம் கடைகளில் அடிக்கடி நடக்கிறது. அது வெறும் ஸ்டார்ச். நார்ச்சத்து, புரதம், மஞ்சள் நிறத்துச் சத்து எல்லாம் போனபின் மிஞ்சிய வெள்ளைத் தூள். சூப்பைக் கெட்டியாக்க உதவும், நோயாளிக்கு உதவாது. முழு மணியை அரைத்த மாவு மஞ்சளாக, சற்றுக் கரகரப்பாக இருக்கும். முளைப்பகுதியில் எண்ணெய் இருப்பதால் சீக்கிரம் சிக்கு வாடை அடித்துவிடும். எனவே கொஞ்சமாக வாங்கி விற்பதே நல்லது.

முழு மாவே ஆனாலும் மூன்று வேளையும் அதையே தின்பது சரியல்ல. மக்காச்சோளத்தை மட்டுமே நம்பி வாழ்ந்த இத்தாலி, அமெரிக்கத் தென்மாநில ஏழைகளுக்குப் பெல்லாக்ரா என்ற தோல் நோய் வந்தது. சுண்ணாம்பு நீரில் வேக வைத்துத் தின்ற மெக்சிகோக்காரர்கள் பெரும்பாலும் தப்பினார்கள். சுண்ணாம்பு அதிலுள்ள நியாசின் என்ற வைட்டமினை விடுவித்துத் தருகிறது. நம் ஊரில் பருப்பும் மோரும் கூட இருப்பதால் அந்தப் பயம் வேண்டாம். மாவு வாங்குபவரிடம் கூடவே கால் கிலோ பாசிப்பருப்பையும் எடுத்து வைத்தால் அவருக்கும் நல்லது, நமக்கும் விற்பனை.

தை, மாசியில் புது வரத்து வரும்போது ஒரு கண்ணாடி பாட்டிலும் கொஞ்சம் உப்பும் மண்டியில் தயாராக இருக்கட்டும்.