கடற்றொழிலாளருங் கைத்தொலைபேசிச் செயலியும்

தொலைவிடத் தொழிலாளர் என்றதும் வீட்டிலிருந்தவாறே கணினிவழி அலுவல் புரிவோரே இக்காலத்தார் நினைவுக்கு வருவர். ஆயின், மனையையும் நிலத்தையும் ஒருங்கே நீங்கித் தொலைவிற் சென்று தொழில் புரிவோர் கடற்றொழிலாளர். குருநகர்த் துறையினின்றும் புறப்படும் படகு, கரைக் கோபுரங்களின் தொலைபேசி அலை எட்டும் எல்லையைக் கடந்ததுந் தனித்துவிடுகின்றது. அப்படகிலுள்ளார்க்கென ஒரு செயலியை அமைக்கப் புகுவோர் முதற்கண் அறியவேண்டியவை யாவை என்பது ஆராயத்தக்கது.

இவ்வகை முயற்சியில் முன்னோடியாய் விளங்குவது சென்னையிலுள்ள எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம். அந்நிறுவனம் 1998 இற் புதுச்சேரிக் கிராமங்களிலே செய்தி நிலையங்களை நிறுவத் தொடங்கியது. வீராம்பட்டினம் என்னும் மீனவர் ஊரில், அமெரிக்கக் கடற்படையினர் இணையத்தில் வெளியிட்ட அலையுயர முன்னறிவிப்பைப் பெற்று ஒலிபெருக்கி வாயிலாக அறிவித்தனர். ஒலிபெருக்கியைத் தேர்ந்தமை சிறிய செயலன்று. வலை பொத்துவோர் கைவேலையை விட்டு ஓர் அறைக்கு வரவும் வேண்டா, எழுத்தறிந்திருக்கவும் வேண்டா. 2007 அளவில் குவால்கொம் முதலிய நிறுவனங்களின் துணையோடு ‘பிஷர் பிரென்ட்’ என்னுஞ் செயலிக்கான பணி தொடங்கிற்று. ஐதராபாத்திலுள்ள கடற்றகவல் நிலையம் அளிக்கும் அலையுயரம், காற்று, மீன்வளமுள்ள பகுதி ஆகியவற்றோடு எல்லை எச்சரிக்கையும் அதில் இடம்பெற்றது.

கோபுர அலை எட்டாத கடலில் இச்செயலி இயங்குவது எங்ஙனம் என ஐயுறலாம். இடங்காட்டும் ஜி.பி.எஸ். முறையில், கைத்தொலைபேசி செய்மதிகளின் அலையைப் பெறுகின்றதேயன்றி எதனையும் அனுப்புவதில்லை. ஆதலின் அதற்குக் கோபுரம் வேண்டா. எல்லைக்கோட்டை முன்னரே கருவியிற் பதித்துவைத்தால், நடுக்கடலிலும் அஃது எச்சரிக்கும். முன்னறிவிப்பையோ கரையிலேயே பெற்றுச் சேமித்துக்கொள்ளல் வேண்டும்.

ஏனைய நுட்பங்கள் படகிலன்றிப் புலப்படா. உப்புநீரில் நனைந்த விரலின் தொடுகையைத் திரை பிழையாக உணரும். நண்பகல் வெயிலில் திரையெழுத்து மறையும். இயந்திர இரைச்சலில் மெல்லிய எச்சரிக்கையொலி கேளாது. மொழியும் அவ்வாறே: காற்றின் திசையைப் பாகைக் கணக்கிற் காட்டினால் யார்க்குப் பயன்? வாடை, சோளகம், கச்சான், கொண்டல் என்றாற் சிறுவனுமறிவான். ஆழத்தை மீற்றரிற் சொன்னாற் பாகமாக மாற்றிக் கணக்கிடும் பாரம் அவர் தலைமேல் விழும். கூட்டங்கூட்டி, “உங்களுக்கு என்ன வேண்டும்?” என வினவினால், வந்தவர் மனங்கோணாத விடையே பெரும்பாலுங் கிடைக்கும், புறப்படுமுன் அவர் எதனைப் பார்க்கின்றார், யாரிடங் கேட்கின்றார் என்று உடனிருந்து காண்பதே ஆராய்ச்சி.

இனி, தமிழகத்திற் பயன்பட்ட செயலி தமிழிலேயே இருத்தலால் குருநகர்க்கும் அப்படியே பொருந்துமெனக் கருதுதல் தவறு. 1974 இலும் 1976 இலும் இரு நாட்டரசுகளும் வகுத்த கடலெல்லையைத் தாண்டாதிருக்க இராமேசுவரத்தார்க்கு எச்சரிக்கை வேண்டும். குருநகர்ச் சிறுபடகினரின் அச்சமோ, எல்லைதாண்டி வரும் இழுவைப்படகுகள் தாம் விரித்த வலைகளை அறுத்துச்செல்லும் என்பதே. கடல் ஒன்று, மொழி ஒன்று, தேவை வேறு. அன்றியும், குருநகரிலேயே இழுவைப்படகுடையோரும் உளர். அடித்தள இழுவைமுறையை இலங்கைச் சட்டம் 2017 இல் தடைசெய்தது. எனவே ஊரார் அனைவரையும் ஒரே பயனாளராகக் கொள்ள இயலாது. மீன் தரம்பிரித்து விற்கும் பெண்களையும், படகு திரும்பும்வரை கரையிற் காத்திருக்கும் மனைவியரையும் ஆராய்வோர் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர்.

இவற்றினுஞ் சிக்கலானது இருப்பிடத்தைப் பிறர்க்குக் காட்டும் வசதி. ஆபத்து வேளையில் அஃது உயிர்காக்கும். ஆனால், நல்ல மீன்பாடு கண்ட இடத்தைத் தொழிலாளர் அயற்படகார்க்கும் எளிதிற் சொல்லார். போர்க்காலத்திற் கடற்றடைகளின்கீழ் வாழ்ந்த மக்கள், தாம் நிற்குமிடத்தை அறிவிக்குங் கருவியொன்றை ஐயத்தோடு நோக்குவது இயல்பேயாம். அவ்விருப்பிடக் குறிப்பை யார் பார்ப்பர், எத்தனை நாள் வைத்திருப்பர், விரும்பாதபோது தாமே நிறுத்திவிட முடியுமா என்னும் வினாக்களுக்கு, திரையின் முதற்படத்தை வரையுமுன்னரே துறையிலமர்ந்து விடைகூறல் வேண்டும். கூறாது அமைத்த செயலியைப் படகேறுமுன் அவர்கள் அணைத்துவைத்துவிடுவர்.