மதுரை மல்லிகையும் அன்னிய நாட்டு வியாபாரமும்

கனடா தேசத்து வின்னிபெக் நகரில் 1972-ஆம் வருஷத்தில் ஒரு தானிய ஸ்தாபனம் ஏற்பட்டது. அந்நாட்டுக் கோதுமை வாரியமும் சர்க்காரும் பொருள் கொடுத்து அதை நடத்தின. அங்கே சிறு மாவு ஆலை உண்டு. ரொட்டி அடுப்பும் உண்டு. அன்னிய தேசத்து ஆலைக்காரர்களை வரவழைத்து, தங்கள் கோதுமையை எவ்வாறு அரைத்தால் எந்தப் பண்டம் நன்றாக வரும் என்று செய்தே காட்டினார்கள். பிறகு குடியானவர்களையும் அதே கூடத்துக்கு அழைத்து வந்து, தங்கள் தானியம் வாங்குகிறவன் கையில் என்னவாகிறது, எந்தக் குறைக்காக அவன் முகம் சுளிக்கிறான் என்பதைக் கண்ணாரக் காணச் செய்தார்கள். 2020-இல் அந்த ஸ்தாபனம் வேறொரு தானிய சங்கத்தோடு இணைந்துவிட்டது, வேலை நிற்கவில்லை.

கோதுமைக்கும் மதுரைக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் கேட்கக்கூடும். நமக்குக் கோதுமை இல்லை, மல்லிகை இருக்கிறது. தங்கச்சிமடத்து நாற்றுகளைக் கொண்டு வந்து திருமங்கலம், உசிலம்பட்டி, நிலக்கோட்டைப் பிரதேசங்களில் பயிரிடுகிறார்கள். சிங்கப்பூர், மலேயா, அரபு நாடுகள் எங்கும் நம்மவர் பூச்சூடுகிற வரையில் இதற்கு அன்னிய நாட்டுக் கிராக்கி குறையப் போவதில்லை. 1999-ஆம் வருஷத்துப் புவிசார் குறியீட்டுச் சட்டப்படி 2013-இல் மதுரை மல்லிக்குப் பதிவும் கிடைத்தது. ஆனால் சட்டம் பெயரைக் காக்குமேயன்றிப் பூவை விற்றுத் தராது.

விற்பனையின் யோக்கியதை எப்படி இருக்கிறது? விடியுமுன் மொட்டுப் பறித்து மாட்டுத்தாவணிக்குக் கொண்டு வருகிறான் குடியானவன். கமிஷன் மண்டிக்காரர் சொல்லும் விலையே விலை. அவரிடம் முன்பணம் வாங்கியவனுக்கு வேறு கடைக்குப் போகவும் வழியில்லை. மார்கழி, தையில் பனியால் பூ குறைந்து கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டி ஏறும். அப்போது பறிப்பதற்குப் பூ இராது. கோடையில் பூ மலிந்தபோதோ பறிகூலிக்கே கட்டாத நாட்கள் உண்டு.

அன்னிய நாட்டில் இரண்டு விதமான கிராக்கி இருக்கிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் விரோதம். தலையில் சூடுவோருக்கு விரியாத மொட்டு வேண்டும். அது கடல் கடந்தும் விரியாதிருக்க வேண்டும். வாசனைத் திரவியம் செய்வோருக்கோ, இரவில் மலர்ந்து மணம் கக்கும் பூ வேண்டும். முற்றாத பிஞ்சு மொட்டு அவர்களுக்கு உபயோகமற்றது. இருவருக்குமே மருந்து நெடி ஆகாது. மொட்டுப்புழுவுக்கு அஞ்சிப் பறிப்புக்கு முந்தின நாள்வரை மருந்தடிக்கிறவனுக்கு இதைச் சொல்வார் யார்?

மதுரை விவசாயக் கல்லூரி 1965 முதல் நடைபெற்று வருகிறது. அதன் வளாகத்திலேயே நபார்டு வங்கியின் உதவியோடு விவசாயத் தொழில் வளர்க்கும் அமைப்பொன்றும் ஏற்பட்டிருக்கிறது. போரிக் அமிலக் கரைசலில் நனைத்தல், குளிர்ந்த பெட்டியில் அடைத்தல் முதலிய முறைகளை நமது ஆராய்ச்சியாளர் அறிவார்கள். அவர்களுடைய திறமையை நாம் சந்தேகிக்கவில்லை. அறிந்தது ஏற்றுமதிக்காரர் வரையில் போகிறது. செடியண்டை நிற்பவனிடம் போய்ச் சேருவதில்லை என்பதே நமது முறையீடு. கட்சிக்காரனைக் கேளாமலே வழக்காடும் வக்கீலைப் போன்றதல்லவா இது?

ஆகவே கோடை மலிவுக் காலத்திலேயே, நிலக்கோட்டையிலோ திருமங்கலத்திலோ, ஒரு பயிற்சிக் கூடம் திறக்க வேண்டும். வாசனைத் தொழிற்சாலைக்காரரும் பூ ஏற்றுமதி செய்வோரும் அங்கே வந்து, எதை ஏற்பார்கள், எதை ஏன் தள்ளுகிறார்கள் என்று குடியானவர் முன்னிலையில் பெட்டியைப் பிரித்துக் காட்டட்டும். செலவில் ஒரு பங்கை, கிலோவுக்குச் சில காசு வீதம், பூ விளைவிப்போரே கொடுக்கலாம். கொடுத்தவனுக்குக் கணக்குக் கேட்க உரிமை உண்டு. சர்க்கார் பணத்தில் மட்டும் நடக்கும் கூடத்தில் அந்த உரிமையை ஒருவரும் அவனுக்குத் தரமாட்டார்கள்.