எக்ஸ்ரேயில் விழாத எலும்பு

விழுந்தெழுந்த குழந்தை காலை ஊன்ற மறுத்து, முழங்காலைத் தொட்டுக் காட்டி அங்கேதான் நோகிறதென்று அழுதாலும், அனுபவமுள்ள வைத்தியர் இடுப்பையும் சேர்த்தே படம் எடுக்கச் சொல்வார். இரண்டு ஸ்தானங்களுக்கும் ஒரே நரம்பின் கிளைகள் செல்வதால், இடுப்பு மூட்டின் வேதனை முழங்காலில் வந்து முறையிடுவது சகஜம்.

அந்தப் படத்தை வாசிப்பதில்தான் சங்கடம். 1895-ல் ஜெர்மனியில் ராண்ட்ஜன் கண்டுபிடித்த கிரணங்கள், சுண்ணாம்புச் சத்து ஏறி இறுகிய எலும்பை வெண்மையாகப் பதிக்குமேயன்றிக் குருத்தெலும்பைச் சுற்றியுள்ள சதையினின்று பிரித்துக் காட்டமாட்டா. பிறந்த சிசுவின் தொடையெலும்புத் தலையோ முழுதும் குருத்தெலும்பு. அதன் நடுவே எலும்பு அரும்புவதே பெரும்பாலும் நாலாவது மாதத்துக்குமேல்தான். போதாக்குறைக்கு, இடுப்பெலும்பின் மூன்று பாகங்கள் கூடுமிடத்தில் குருத்தெலும்பு விட்டுவைத்த கருங்கோடு, முறிவுபோலவே தோன்றிப் புதியவர்களை மருட்டும்.

ஆதலால், கைதேர்ந்தவர் வெண்மையைக் காட்டிலும் தொடைத்தலைக்கும் அது பொருந்தும் இடுப்புக் கிண்ணத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளியையே உற்றுப் பார்க்கிறார். பெரியவர்களுக்கு மோட்டார் விபத்து போன்ற பெரிய விபத்து நேர்ந்தாலன்றி விலகாத இடுப்பு மூட்டு, தசைநார்கள் தளர்ந்த சிறுவர்களுக்கு விளையாட்டில் ஒரு சறுக்கலிலேயே விலகிவிடும்; தொடைத்தலை பெரும்பாலும் பின்புறமாகக் கிண்ணத்தை விட்டு நழுவ, கால் குறுகி உட்புறமாய்த் திரும்பிக் கிடக்கும். ஆறு மணி நேரத்துக்குள் அதைப் பொருத்திவிட வேண்டும். தாமதிக்கத் தாமதிக்க, தலைக்குச் செல்லும் இரத்தவோட்டம் தடைப்பட்டு எலும்பு மடியும் அபாயம் மிகும். சில வேளை அது நழுவிய வேகத்தில் தானாகவே உள்ளே போய்விடுவதுமுண்டு. அப்போது விபத்துக்குச் சாட்சி அந்த இடைவெளி ஒன்றே.

பொருத்திய பின்னரும் படம் எடுத்து இரு பக்கத்து மூட்டுகளையும் ஒப்பிடுவார்கள். அடிபட்ட பக்கத்தில் இடைவெளி இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகன்றிருந்தாலும், உள்ளே ஏதோ சிக்கியிருக்கிறதென்று சந்தேகிக்க வேண்டியதே. சி.டி. ஸ்கேன் எலும்புச் சில்லைத் துல்லியமாகக் காட்டும்; ஆனால், சிக்கியது குருத்தெலும்புத் துணுக்காகவோ கிண்ண விளிம்பின் மெல்லிய திசுவாகவோ இருந்தால் ஏமாற்றிவிடும், கதிர்வீச்சும் கூடுதல். காந்த விசையையும் ரேடியோ அலைகளையும் கொண்டு படமெழுதும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனோ, கதிர்வீச்சின்றியே அவை அனைத்தையும் காட்டிக்கொடுக்கும். ஆனால், துறுதுறுத்த பாலகனை அந்த இரைச்சலான குழாய்க்குள் அசையாமல் கிடத்துவது லேசான காரியமன்று. பலருக்கு மயக்க மருந்தே கொடுக்க நேர்கிறது. ஆயினும் இடைவெளி அகன்றிருக்கும்போது, அந்தத் தொல்லையைப் பொறுத்துக்கொண்டு எடுத்துப் பார்த்துவிடுவதே உசிதம்.