உஷார்! அந்தச் சம்மன் யார் கொடுத்தது?

“உங்கள் வாகனத்தின் மேல் சம்மன் நிலுவையில் உள்ளது. இன்றைக்குள் கட்டாவிட்டால் கோர்ட்.” இப்படி ஒரு தகவல் வாட்ஸ்அப்பில் வந்து, கீழே ஓர் இணைப்போ ‘ஏபிகே’ என்று முடியும் கோப்போ இருந்தால், தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். மூவார்க்காரர்கள் இதை முதலில் வீட்டுப் பெரியவர்கள் காதில் போட்டுவிடுங்கள்; மற்றதை அப்புறம் படிக்கலாம். பணம் கட்டச் சொல்லி எஸ்எம்எஸ்ஸிலோ வாட்ஸ்அப்பிலோ இணைப்பு அனுப்பும் வழக்கமே தனக்குக் கிடையாது என்று சாலைப் போக்குவரத்து இலாகா (ஜேபிஜே) பலமுறை சொல்லிவிட்டது. அந்தக் கோப்பைப் போனில் ஏற்றினால், வங்கி அனுப்பும் ரகசிய எண்ணை உங்களுக்கு முன்னால் திருடன் படித்துவிடுவான். கணக்கில் இருப்பது காலையில் இருக்காது.

இந்த வலையில் நம் பக்கத்து ஆட்கள் சுலபமாக விழுவதற்கு ஒரு காரணம் உண்டு. பாஞ்சோர், லெங்கா, புக்கிட் கெப்போங் பக்கத்துத் தோட்டப்புறங்களில் எல்லாமே ‘சம்மன்’தான். போலீஸ் கொடுத்ததும் சம்மன், ஜேபிஜே கொடுத்ததும் சம்மன், நகராண்மைக் கழகம் கார்க் கண்ணாடியில் செருகிவிட்டுப் போனதும் சம்மன், குப்பை போட்டதற்கு எழுதிக் கொடுத்ததும் சம்மன். எல்லாவற்றையும் அலமாரி மேல் ஒரே பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்து, “கழிவு விடும்போது கட்டிக்கலாம்” என்று காத்திருப்பது நம் பழக்கம். அரசாங்கமும் பண்டிகைக்கும் ஆண்டு முடிவுக்கும் கழிவு கொடுத்துக் கொடுத்து அந்தப் பழக்கத்தை வளர்த்தது. கடைசியாக 2025 நவம்பர், டிசம்பரில் 70 விழுக்காடு வரை தள்ளுபடி கொடுத்தார்கள். நேரத்தோடு கட்டியவனைப் பார்த்துக் கட்டாதவன் சிரித்த காலம் அது.

அந்தக் காலம் முடிந்தது. 2026 ஜனவரி 1 முதல் போலீஸ், ஜேபிஜே இரண்டுக்கும் ஒரே கணக்கு. சம்மன் கிடைத்த 15 நாளுக்குள் கட்டினால் பாதித் தொகை. 16லிருந்து 30ஆவது நாளுக்குள் என்றால் 33 விழுக்காடு கழிவு. 31ஆவது நாளிலிருந்து 60ஆவது நாள் வரை முழுத் தொகை. அதற்குப் பிறகு விவகாரம் நீதிமன்றத்துக்குப் போகும். 300 வெள்ளி சம்மன் என்றால் முதல் இரண்டு வாரத்தில் 150 வெள்ளியோடு முடியும். பையில் போட்டு வைத்தால் மாஜிஸ்திரேட் முன்னால் நிற்க வேண்டிவரும். எல்லாக் குற்றத்துக்கும் இந்தச் சலுகை கிடையாது என்பதையும் மறக்க வேண்டாம். குடித்துவிட்டு ஓட்டினால் கழிவும் இல்லை, கட்டிவிட்டுத் தப்பிக்கக் கொம்பவுண்டும் இல்லை, நேராகக் கோர்ட்தான். 2020இல் சட்டத்தை இறுக்கிய பிறகு, முதல் தடவைக்கே 10,000 வெள்ளியிலிருந்து 30,000 வெள்ளி வரை அபராதம், இரண்டாண்டு வரை சிறை.

நாள் எண்ணும்போது இன்னொரு தடுமாற்றம் வருகிறது. 2014லிருந்து ஜொகூரில் வெள்ளியும் சனியும் விடுமுறையாக இருந்தது. 2025 ஜனவரி 1 முதல் சனியும் ஞாயிறும் விடுமுறை. பத்தாண்டுப் பழக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை கவுண்டருக்குப் போய்க் கதவைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

இப்போது ஒரு பழைய வியாதியைச் சொல்கிறேன். இதுதான் தோட்டப்புறத்துக்குப் பெரிய ஆபத்து என்பது என் எண்ணம். மோட்டாரை விற்கிறோம். வாங்குகிறவர் மாமன் முறை, அல்லது அதே லயத்தில் பிறந்து வளர்ந்த பையன். “பேரை அப்புறம் மாத்திக்கலாம் மாமா, நான் எங்க ஓடிடப் போறேன்?” என்று வண்டிப் பதிவு அட்டையான ஜெரான் கார்டை வாங்கிக்கொண்டு போய்விடுவான். ஆறு மாதத்தில் அதை வேறொருவனுக்கு விற்றுவிடுவான். அந்த மூன்றாவது ஆள் சிவப்பு விளக்கில் நிற்காமல் போனாலும், கேமராவில் சிக்கினாலும், கடிதம் உங்கள் வீட்டுக்கு வரும். பதிவில் யார் பெயரோ அவரைத்தான் சட்டம் கேட்கும். அன்றைக்கு யார் ஓட்டியது என்ற விவரத்தைக் கொடுக்கும் கடமையும் அவருக்குத்தான். 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம், வண்டி கைமாறிய ஏழு நாளுக்குள் தெரிவிக்கச் சொல்கிறது. ஏழு நாள்! நம் ஊரில் ஏழு வருடமாக மாற்றாத வண்டிகள் இருக்கின்றன.

அதோடு ஒட்டியது, லைசன்ஸ் இல்லாத பிள்ளைகள். மோட்டார் லைசன்ஸ் எடுக்கவே 16 வயது ஆக வேண்டும். 13, 14 வயதுப் பையனைக் கடைக்கு அனுப்பும்போது குற்றம் அவனுடையது மட்டும் அல்ல. சாவியைக் கொடுத்த அப்பாவும் சட்டப்படி குற்றவாளி. செம்பனைக்குள் ஓடும் மண்பாதையில் எவனும் பிடிக்கமாட்டான் என்பது உண்மையாகவே இருக்கட்டும். அந்தப் பாதை போய்ச் சேருவது பெரிய சாலையில்தானே. அங்கே தளவாடத் தொழிற்சாலைக்குப் போகிற லோரிகள் எந்த வேகத்தில் வருகின்றன என்று பக்ரி ஆட்களைக் கேளுங்கள். சட்ட அமலாக்கம் என்றாலே காசு பிடுங்கும் வேலை என்று பேசுகிறவர்கள், 2016 டிசம்பர் 24ஆம் தேதி விடியற்காலையில் பாகோ அருகே நெடுஞ்சாலையிலிருந்து விரைவுப் பேருந்து ஒன்று பள்ளத்தில் பாய்ந்து 14 பேர் இறந்ததை நினைத்துப் பார்க்க வேண்டும்.

சரி, நகராண்மைக் கழகத்துக்கு வருவோம். “கவுன்சில் சம்மன்தானே, அதுக்கெல்லாம் ரோட் டெக்ஸ் நிக்காதுண்ணே” என்பது டீக்கடைச் சட்டம். மெய்யான சட்டம் வேறு. கொம்பவுண்ட் என்பது தண்டனை அல்ல. ‘இவ்வளவு கட்டிவிடு, வழக்குப் போடாமல் விடுகிறோம்’ என்று கழகம் முன்வைக்கும் ஏற்பாடு. கட்டவில்லை என்றால் அந்த ஏற்பாடு போய்விடும், வழக்கு வரும். வழக்குக்குப் போகவில்லை என்றால் பிடிவாரண்டு. 1976ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டப்படி ஒரு துணைச்சட்டத்தை மீறியதற்கு 2,000 வெள்ளி வரை அபராதமோ, ஓராண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமுண்டு. ஜாலான் மகாராணியிலும் ஜாலான் அப்துல்லாவிலும் பார்க்கிங் காசைச் செலுத்தாமல் நிறுத்தியதற்கு யாரையும் ஓராண்டு உள்ளே போடமாட்டார்கள், பயப்பட வேண்டாம். ஆனால் சில வெள்ளிக் காசுக்காக ஒருநாள் கூலியை விட்டுவிட்டு மூவார் நீதிமன்றத்தில் பெயர் கூப்பிடும்வரை உட்கார்ந்திருக்கத் தயாரா?

கடை போடுகிறவர்கள் கூடுதல் உஷாராக இருக்க வேண்டும். பண்டிகை நேரத்தில் முறுக்கு, பலகாரம், பூமாலை விற்கத் தற்காலிக லைசன்ஸ் வேண்டும். நிரந்தரக் கடை என்றாலும் ஐந்தடி நடைபாதையில் மேசையைத் தள்ளிப் போட்டால் அது இடையூறுக் குற்றம். இதில் பலருக்குத் தெரியாத ஒரு விதி இருக்கிறது: கொடுத்த லைசன்ஸை எந்த நேரத்திலும், காரணம் சொல்லாமலே, கழகம் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். நட்டஈடும் கேட்க முடியாது. உள்ளாட்சிச் சட்டத்தின் 107ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. நியாயமா என்று கேட்டால், எனக்கு அது நியாயமாகப் படவில்லை. ஆனால் அதை மாற்றும்வரை, “பத்து வருசமா இங்கதான் போடறேன்” என்பது வாதமாகாது.

யாருடைய எல்லையில் நிற்கிறீர்கள் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். சுங்கை மாத்தி, புக்கிட் கம்பிர் எல்லாம் முன்பு மூவார்தான். இப்போது தங்காக் மாவட்டம், அங்கே வேறு கழகம். இந்தக் கவுண்டரில் அந்தச் சம்மனைக் கட்ட முடியாது.

இன்னும் ஒன்று, 2026இல் புதிதாக வந்தது. ஜனவரி 1 முதல், பொது இடத்தில் குப்பை போட்டால் கோர்ட்டில் 2,000 வெள்ளி வரை அபராதத்தோடு, 12 மணி நேரம் வரை சமூகச் சேவையும் விதிக்கலாம். சமூகச் சேவை என்றால் கூட்டுவது, கால்வாய் சுத்தம் செய்வது போன்ற வேலைகள். ஆறு மாதத்துக்குள் செய்து முடிக்க வேண்டும். செய்யாமல் ஏமாற்றினால் அபராதம் 10,000 வெள்ளி வரை ஏறும். சிகரெட் துண்டு, டிஷ்யூத் தாள் எல்லாமே இதில் அடக்கம். பாசார் மாலாமில் கச்சான் தின்றுவிட்டுத் தாளைக் கீழே போடும் கையை இனிச் சட்டைப் பைக்குள் விடுங்கள். கார்க் கண்ணாடியை இறக்கி மினரல் வாட்டர் போத்தலை வீசுகிறவர்களுக்கு நான் பரிந்து பேசப்போவதில்லை, வேண்டும் அவர்களுக்கு.

இதற்கெல்லாம் மேலே, ஓட்டுநர் லைசன்ஸின் மதிப்பு இப்போது கூடிவிட்டது. 2025 செப்டம்பர் கடைசியில் அரசாங்கத்தின் பெட்ரோல் மானியத் திட்டமான புடி95 வந்தபோது, குடிமக்களுக்கு ரோன்95 பெட்ரோல் லிட்டர் 1 வெள்ளி 99 சென் என்று அறிவித்தார்கள். அந்தச் சலுகை விலைக்கு அடையாள அட்டை மட்டும் போதாது, செல்லுபடியாகும் ஓட்டுநர் லைசன்ஸும் வேண்டும். சம்மனைக் கட்டாமல் ஜேபிஜேயின் கறுப்புப் பட்டியலில் பெயர் ஏறினால் லைசன்ஸைப் புதுப்பிக்க முடியாது. லைசன்ஸ் செத்துப்போனால் மலிவு பெட்ரோலும் போச்சு. மோட்டாரில் தினமும் பால்மரக் காட்டுக்கும் தொழிற்சாலைக்கும் போய்வருகிற குடும்பத்துக்கு இது மாதாமாதம் விழும் அடி. அலமாரி மேலே கிடக்கும் அந்தப் பிளாஸ்டிக் பை இப்போது எங்கெல்லாம் கை நீட்டுகிறது பாருங்கள்.

போலீஸ் என்று சொல்லிக்கொண்டு சீருடை இல்லாமல் ஒருவர் வழிமறித்து, “இங்கேயே முடிச்சுக்கலாம்” என்றால், அட்டையைக் காட்டச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. போலீஸ் அதிகார அட்டையில் இன்ஸ்பெக்டரும் அதற்கு மேலும் நீலம்; அதற்குக் கீழே மஞ்சள். சிவப்பு அட்டை என்றால் பணியிடை நீக்கத்தில் இருப்பவர், அவருக்கு உங்களை நிறுத்தும் அதிகாரமே இல்லை. மரியாதையாகக் கேளுங்கள், பெயரையும் எண்ணையும் மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சாலையோரத்தில் கையில் காசு கொடுத்தால் கொடுத்தவரும் குற்றவாளிதான்.

கழகத்தின் சம்மன் தவறு என்று பட்டால் சும்மா இருக்காதீர்கள். கவுண்டரில் எழுத்தில் முறையிடுங்கள், தொகையைக் குறைக்கக் கேளுங்கள். இந்த நாட்டில் உள்ளாட்சித் தேர்தல் 1965இலேயே நிறுத்தப்பட்டது. இன்றைய கழக உறுப்பினர்கள் எல்லாரும் மாநில அரசு நியமித்தவர்கள். ஓட்டுப் போட்டு மாற்ற முடியாது. ஆனால் கழகக் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை என்று உள்ளாட்சிச் சட்டத்தில் எழுதியிருக்கிறது. நம்மவர் எத்தனை பேர் ஒரு தடவையாவது போய் உட்கார்ந்திருக்கிறோம்?

முதலில் சொன்ன அந்த வாட்ஸ்அப் இணைப்பை ஏற்கெனவே தட்டிவிட்டீர்களா? வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 997ஐக் கூப்பிடுங்கள், அது மோசடிக்கென்றே உள்ள தேசிய உதவி மையம். வங்கியையும் கூப்பிட்டுக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள், பிறகு போலீஸ் ரிப்போர்ட். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் பிடித்தால்தான் திரும்பக் கிடைக்க வாய்ப்பு. பிள்ளைகளைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று மாலைவரை காத்திருக்காதீர்கள்.

இன்றைக்கே மைஜேபிஜே செயலியிலும் போலீஸின் மைபாயார் செயலியிலும் உங்கள் அடையாள அட்டை எண்ணைப் போட்டுப் பாருங்கள். கவுன்சில் சம்மனுக்கு நேரில் கழகத்துக்கே போய்க் கேளுங்கள். அப்பா பெயரிலும் தாத்தா பெயரிலும் கிடக்கும் பழைய மோட்டார்களைச் சேர்த்துப் பாருங்கள். விற்ற வண்டி இன்னமும் உங்கள் பெயரில் இருந்தால், வாங்கியவரைக் கையோடு கூட்டிக்கொண்டு இந்த வாரமே ஜேபிஜேக்குப் போங்கள்.