டாங்கிகள் கப்பலேறிய ‘சாக்லேட்’ கரை... இன்னும் மிச்சம் இருக்கா?

1944 ஜூன் 6-ல் நார்மண்டியில் படைகள் இறங்கியதைப் பற்றி எக்கச்சக்க சினிமா வந்தாச்சு. ஆனா, அந்தப் படைகள் எங்கே கப்பலேறின? அதை யாரும் பெரிசா பேசுறதில்லை.

இங்கிலாந்தின் தென்கரையில், ஹாம்ப்ஷயரின் லீப் கடற்கரை அப்படி ஓர் இடம். சிக்கல் இதுதான்: சுமார் 30 டன் எடையுள்ள ஷெர்மன் டாங்கியை ஈர மணலில் ஓட்டினால் புதைந்துவிடும். துறைமுகங்களும் போதவில்லை. அதனால் சாக்லேட் பார் போலக் கட்டம் போட்ட கான்கிரீட் பாளங்களை ஒன்றோடொன்று கோத்து, கரைச் சரிவில் பாய் மாதிரி விரித்தார்கள். தட்டையான அடிப்பாகம் கொண்ட கப்பல் வந்து முட்டி நிற்கும். முன்கதவு சரிந்து இறங்கி, ஏறும் பாதையாகிவிடும். வண்டிகளைப் பெரும்பாலும் ரிவர்ஸில்தான் ஏற்றினார்கள். அந்தப் பக்கம் குண்டுமழைக்கு நடுவில் வண்டியைத் திருப்பிக்கொண்டிருக்க முடியுமா என்ன?

டெவன் பகுதியின் டார்க்கி துறைமுகத்தில், அமெரிக்கப் படைகள் ஏறிய கான்கிரீட் சரிவுகள் இப்போது பாதுகாக்கப்பட்ட சின்னங்கள். லீப்பின் கதை வேறு. கொஞ்ச காலப் பயன்பாட்டுக்காகப் போட்ட பாளங்கள், 80 வருஷம் தாண்டியும் கிடக்கின்றன. ஆனால் அலை கரையை அரிக்க அரிக்க, கோர்வை விட்டு நகர்ந்துகொண்டிருக்கின்றன. பார்க்கணும்னா, தண்ணீர் உள்வாங்கும் நேரத்தில் போகணும்.