தலைவர் பேசிவைத்த பிறகு

கொழுந்துக் கூடையின் கயிறு தலையில்தான் தொங்கும். நெற்றியோரம் காயம் இருந்தால் கயிறு சரியாக அதன் மேலேயே அழுத்தும். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்கு முக்காட்டை இறக்கிக் கட்டிக்கொண்டு வருபவளிடம் பக்கத்து நிரைக்காரி ஒன்றும் கேட்கமாட்டாள். லயத்தில் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா, நடுவில் ஒரு சுவர். ராத்திரிச் சத்தம் முழுக்க அவளுக்கும் கேட்டதுதானே!

ஹட்டன், நுவரெலியா பக்கத்துத் தோட்டங்களில் புருஷன் அடித்த வழக்கு முதலில் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவரிடம்தான் போகும். புருஷனுக்கு இரண்டு ஏச்சு, பெண்சாதிக்கு நாலு புத்திமதி. "பேசிவைத்தாச்சு" என்பார்கள். அது அடுத்த சம்பள நாள் வரை தாங்கினால் பெரிய காரியம். பொலிஸும் நீதிமன்றமும் எட்டாதிருந்த காலத்தில் தலைவர்தான் கதி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அடித்தவனையும் அடிபட்டவளையும் சமமாக நிறுத்திப் பேசுவது நியாயமாகாது.

இலங்கையில் ஐந்தில் ஒரு பெண் தன் துணைவரின் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளானவள் என்கிறது 2019 அரசாங்க ஆய்வு. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டப்படி அவள் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அவளுக்காகப் பொலிஸ் அதிகாரியும் மனுச் செய்யலாம். பதிவுத் திருமணம் அவசியமில்லை. கட்டளை 12 மாதம் வரை செல்லும். கணவன் வீட்டுக்குள் வராமல் தடுக்கவும் அதில் இடமுண்டு.

எந்த வீட்டுக்குள்? காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். அடுத்த காம்பராவில் மாமியார், அதற்கடுத்ததில் கொழுந்தன். கட்டளைத் தாளோடு அவள் திரும்பி வரவேண்டியது அதே லயத்துக்குத்தான். சட்டம் இங்கேதான் தடுக்கி விழுகிறது. நீதிமன்றத்துக்குப் போன நாளுக்குப் பேரும் விழாது, அன்றைய கூலி போச்சு. 1984இல் தோட்டப் பெண்களுக்கு ஆணுக்குச் சமமான நாட்கூலி கிடைத்தும், மனைவியின் சம்பளத்தைப் புருஷன் வாங்கும் பழக்கம் அதோடு ஒழியவில்லை.

ஆகவே, தோட்டக் குடும்பங்களுக்கு வீடு கட்டக் கொடுக்கும் காணிக்கு உறுதி எழுதும்போது மனைவியின் பெயரையும் சேர்க்கவேண்டும். வழக்கு நாளுக்குப் பேர் போடுவதைத் தொழிற்சங்கங்கள் தோட்ட நிர்வாகங்களிடம் கேட்கவேண்டும். சந்தாப் பணத்தில் பாதிக்குமேல் கொழுந்து பறிக்கும் கைகளிலிருந்துதானே வருகிறது?

தலைவர்மாருக்கு ஒரு வேண்டுகோள். பெண்களுக்கான அரசாங்க உதவித் தொலைபேசி எண் 1938. பிரட்டுக் களத்துச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள்.